எழுபத்தோராவது கிலோமீட்டர்

பெரிய மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், படியிறங்கி இடப்பக்கம் திரும்பினால் மூன்றாவது கதவு. கதவுக்கு மேல் ஒரு சிவப்பு விளக்கு. அந்த அறையில் இருபத்திரண்டு வருடங்களாக எக்ஸ்ரே எடுத்துவந்தவளை, டாக்டர்கள் முதல் கூட்டிப் பெருக்குகிறவர்கள் வரை எல்லாரும் ‘இருட்டறை அக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். ஃபிலிமை இருட்டில் கழுவி எடுத்த காலத்தில் வந்த பெயர். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. இருட்டறையில் துடைப்பமும் வாளியும் குடியேறின. பெயர் மட்டும் அவளிடமே தங்கிவிட்டது.

வேலை நேரத்தில் அவள் அதிகம் பேசமாட்டாள். ஒரு நாளைக்கு அறுபது, எழுபது பேர் வருவார்கள். திரும்புங்க, தோளை இறக்குங்க, மூச்சைப் பிடிங்க, விடுங்க. அவ்வளவுதான். உடைந்த எலும்பைத் திரையில் பார்த்து அவள் ஒரு தடவைகூட ‘ஐயோ’ என்றதில்லை. அதைச் சொல்ல வெளியே பெஞ்சில் உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கல்நெஞ்சக்காரி என்று முதுகுக்குப் பின்னால் சொன்னவர்களும் உண்டு. அப்படியொன்றும் இல்லை. வருகிற ஒவ்வொருவருக்காகவும் உருகினால் ஒரே மாதத்தில் ஆளே கரைந்துபோவாள் என்பது அவளுக்குத் தெரியும்.

சைக்கிள் அவள் வாழ்க்கைக்குள் வந்தது நாற்பத்தோராவது வயதில். அதற்குக் காரணம் உடற்பயிற்சியும் இல்லை, ஆசையும் இல்லை. வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் நடுவே இருந்த சாலையைக் குழாய் பதிக்கிறோம் என்று நெடுகத் தோண்டிப் போட்டுவிட்டார்கள். பஸ் நின்றுபோனது. முதல் வாரம் நடந்து பார்த்தாள்; கால் கெஞ்சியது. அந்தச் சமயத்தில் மருத்துவமனை அறிவிப்புப் பலகையில் ஒரு துண்டுக் காகிதம் தொங்கியது. இடுப்பெலும்பு முறிந்து அவள் கையாலேயே எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு போன ஒரு நில அளவையாளர், இனிமேல் தனக்கு உதவாது என்று தன் சைக்கிளை விற்க முன்வந்திருந்தார். போய்ப் பார்த்தாள். கைப்பிடி ஆட்டுக்கொம்பு மாதிரி கீழ்நோக்கி வளைந்திருந்தது. சீட் கல்லாக இருந்தது.

“இது ரேஸ் வண்டிம்மா. மார்க்கெட்டுக்குப் போறதுக்குச் சரிப்படாது,” என்றார் அவர்.

“நான் மார்க்கெட்டுக்குப் போகல. வேலைக்குப் போகணும்,” என்று சொல்லி அவள் அதை உருட்டிக்கொண்டு வந்தாள்.

தோண்டிய சாலையில் மற்றவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போன இடத்தை, இவள் இறங்காமல் கடக்கப் பார்த்தாள். நேரமாகிவிட்டது என்பதுதான் முதல் நாள் காரணம். இரண்டாம் நாள் நேரம் இருந்தது, அப்போதும் இறங்கவில்லை. ஜல்லிக் குவியல், குழிமேல் போட்ட பலகை, சேறு, மறுபடி ஜல்லி. கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் வண்டி துள்ளிக் கீழே தள்ளுகிறது. தளர்த்திப் பிடித்தால் தானே வழி தேடிக்கொள்கிறது. இதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. முழங்காலில் மூன்று இடத்தில் தோல் போன பிறகு அவளுக்கே தெரிந்தது.

எட்டு மாதத்தில் குழாய் பதித்து முடித்து, வழவழவென்று தார் போட்டுக் கொடுத்தார்கள். தெருவே வாயெல்லாம் பல்லாக நின்றது. அவளுக்கு மட்டும் சப்பென்று ஆகிவிட்டது. அந்த வாரமே ஞாயிற்றுக்கிழமைகளில் கெட்ட சாலைகளைத் தேடிப் போக ஆரம்பித்தாள். கால்வாய்க் கரை, கைவிட்ட ரயில் தடத்தின் கருங்கல், கல்குவாரிக்கு லாரி போகும் பாதை. மத்தியானம் தலைமுடியெல்லாம் புழுதியோடு வந்து நின்ற அம்மாவை, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகள் ஏற இறங்கப் பார்த்தாள்.

“நல்ல ரோடே இல்லாம போச்சாம்மா உனக்கு?”

“நல்ல ரோட்டுல என்னடி இருக்கு? தூக்கம் வருது.”

அவள் கணவருக்குக் கண்ணாடி வெட்டும் வேலை. ஜன்னல், அலமாரி, கடை முகப்பு என்று எல்லா அளவிலும் வெட்டிக் கொடுப்பார். பத்து விரலில் எப்போதும் இரண்டு விரலிலாவது பிளாஸ்திரி இருக்கும். நாளெல்லாம் உடையக்கூடிய பொருளோடு பழகியவர் என்பதால், வீட்டிலும் எதையும் மெதுவாகத்தான் வைப்பார், மெதுவாகத்தான் சொல்வார். “பாத்துப் போ,” என்பதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வட்டாரத்துச் சைக்கிள் சங்கம் வருடத்துக்கு ஒரு பந்தயம் நடத்தியது. சிமென்ட் ஆலை வாசலில் தொடங்கி அங்கேயே முடியும். நூற்றுப்பத்து கிலோமீட்டர், அதில் தார் போட்டது நாற்பதுதான். மிச்சமெல்லாம் ஜல்லியும் செம்மண்ணும் காய்ந்த ஓடைப் படுகையும். ஆழம் தெரியாமல் காலை விட்ட கதையாக, நாற்பத்திரண்டாம் வயதில் அவள் பெயர் கொடுத்தாள். பெண்கள் பிரிவில் பத்தொன்பது பேர். இவள் ஆலை வாசலுக்குத் திரும்பி வந்தபோது முடிவுக்கோட்டுத் துணியை இரண்டு பேர் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, “இன்னும் ஒருத்தர் இருக்கீங்களா? நாங்க நீங்க வீட்டுக்குப் போயிட்டீங்கன்னு நெனச்சோம்,” என்றார். துணியைத் திரும்ப விரித்துப் பிடிக்கட்டுமா என்றும் கேட்டார். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்து அவித்த உருளைக்கிழங்கு இரண்டை உப்பு தொட்டுத் தின்றாள். அவ்வளவு ருசியான உருளைக்கிழங்கை அவள் அதுவரை தின்றதில்லை.

அடுத்த வருடம் ஒழுங்காகப் பயிற்சி எடுத்துப் போனாள். பாதித் தூரம் தாண்டும்போது பத்துப் பேருக்குள் இருந்தாள். எழுபத்தோராவது கிலோமீட்டரில் குவாரி இறக்கம். லாரிகள் உழுதுபோட்ட தடம் செங்குத்தாக இறங்கி, கீழே சட்டென்று வலப்பக்கம் மடங்கும். மடங்கும் இடத்தில் உதிரிக்கல். முன்சக்கரம் கல்லில் வழுக்கியதுதான் தெரியும். காய்ந்த சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அது வெளியிலிருந்து வரவில்லை, தன் உடம்புக்குள்ளிருந்துதான் வந்தது என்று புரிய இரண்டு நொடி ஆனது. எந்த எலும்பு என்று புரிய அதுகூட ஆகவில்லை. வலது காறை எலும்பு, நடுவில்.

அன்று மத்தியானமே தன் அறையில், தன் மேசையில், அவள் படுத்திருந்தாள். அவளுக்குக் கீழே வேலை பார்க்கும் பெண் எக்ஸ்ரே குழாயை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டு நின்றாள்.

“அக்கா, நீங்களே சொல்லிடுங்க. எந்தக் கோணத்துல எடுக்க?”

“நேரா ஒண்ணு. குழாய பதினஞ்சு டிகிரி சாய்ச்சு ஒண்ணு. ஏண்டி நடுங்கற? ஒடிய வேண்டியது ஒடிஞ்சாச்சு. நீ புதுசா ஒண்ணும் ஒடிச்சிடப் போறதில்ல.”

படம் திரையில் வந்தது. எழுந்து உட்கார்ந்து பார்த்தாள். மூன்று துண்டு. அந்த அறையில் அவள் முதல் தடவையாக “ஐயோ” என்றாள்.

தகடு வைத்து ஆறு திருகு முடுக்கினார்கள். வீட்டுக்கு வந்தபோது சைக்கிள் கூடத்துச் சுவரில், ஏணி இல்லாமல் எட்டாத உயரத்தில், இரண்டு கொக்கியில் தொங்கியது. வளைந்த சக்கரத்தை நிமிர்த்தி, துடைத்து, எண்ணெயும் போட்டுத்தான் மாட்டியிருந்தார் கணவர். ஏன் அங்கே என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மூன்று மாதம் அந்தச் சைக்கிளின் நிழலில்தான் குடும்பமே சாப்பிட்டது. மகளுக்குப் பொறுக்கவில்லை. “ரெண்டு பேரும் சேந்து அதுக்கு ஒரு விளக்கு மாட்டிடுங்களேன், அழகா இருக்கும்,” என்றாள்.

ஒருநாள் காலையில், காபியை ஆற்றிக்கொண்டே கணவர்தான் வாயைத் திறந்தார்.

“கண்ணாடி ஒரு தடவ விரிசல் விட்டா அவ்வளவுதான். அப்புறம் என்ன பண்ணினாலும் அந்த எடத்துலதான் போகும்.”

“எலும்பு கண்ணாடி இல்லீங்க. ஒட்டும்.”

“ஒட்டின எடம் முன்ன விட கெட்டியாயிடும்னு சொல்றாங்களே, நெஜமாவா?”

பொய் சொல்லியிருக்கலாம். சொன்னால் அன்றைக்கே ஏணி வந்திருக்கும். “கொஞ்ச நாளைக்குக் கெட்டியா இருக்கும். அப்புறம் பழையபடிதான்,” என்றாள் அவள்.

அவர் காபியைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். “பழையபடின்னா பரவால்ல,” என்று சொல்லிவிட்டு ஏணியைக் கொண்டுவரப் போனார்.

வண்டி இறங்கிவிட்டது, பயம் இறங்கவில்லை. உதிரிக்கல்லைக் கண்டாலே விரல்கள் தாமாக இறுகின. மூளைக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. ஆற்றோரம் மணல்மேட்டில் போய், வேண்டுமென்றே நாலைந்து தடவை விழுந்து பழகினாள். அங்கே கன்று மேய்க்க வந்த ஒருவர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை இதைப் பார்த்துவிட்டு, மூன்றாவது வாரம் பொறுக்கமாட்டாமல், “தங்கச்சி, அந்த வண்டியில ஏதோ கோளாறு இருக்கு. வேற வாங்கிடு,” என்றார்.

நாற்பத்துநாலாம் வயதில் மூன்றாவது பந்தயம். அன்று வெயில் ஏறுமுன்பே காற்று எழுந்துவிட்டது. எதிர்க்காற்றில் பாதிப் பேர் பின்தங்கினார்கள். இவள் பல்லைக் கடித்து, ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவராக ஒட்டிக்கொண்டு, ஓடைப் படுகை தாண்டும்போது நான்காவது இடத்துக்கு வந்திருந்தாள். தனக்கே நம்பிக்கை வராமல், சோதனைச் சாவடியில் தண்ணீர் கொடுத்தவரிடம் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள். முன்னால் மூன்றாவதாகப் போனவள் ஒரு பேக்கரிக்காரி. சங்கத்தில் அவளை ‘பன்’ என்பார்கள். முப்பத்தைந்து வயதிருக்கும். மாவு பிசைந்து உரமேறிய தோள். மேடேறுவதில் அவளை அடிக்க ஆளில்லை. இறக்கத்தில் மட்டும் கொஞ்சம் அவசரக்காரி. இருவருக்கும் அதுவரை தலையசைப்பு அளவில்தான் பழக்கம்.

குவாரி இறக்கத்தின் உச்சிக்கு இவள் வந்தபோது பன் ஐம்பதடி முன்னால் இறங்கிக்கொண்டிருந்தாள். வேகம் அதிகம் என்று இவளுக்கு மேலிருந்தே தெரிந்தது. அடுத்த கணம் புழுதி எழுந்தது. சைக்கிள் ஒருபக்கம், ஆள் ஒருபக்கம்.

அந்த நொடியில் இவள் மனதில் முதலில் வந்தது, ‘மூணாவது’ என்ற ஒரே சொல். அடிபட்டிருக்குமே என்பது அதற்குப் பிறகுதான் வந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மூச்சு நேரம்கூட இருக்காது. ஆனால் எது முன்னால் வந்தது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

மெதுவாக இறங்கி, பன் பக்கத்தில் ஒரு காலை ஊன்றி நின்றாள். பன் எழுந்து உட்கார்ந்து, இடது கையை வலது கையால் தாங்கிப் பிடித்திருந்தாள். தோள் முன்னால் சரிந்திருந்தது. பார்த்தவுடனே தெரிந்தது.

“தலையில அடியா?”

“இல்ல.”

“இது எத்தனாவது கிலோமீட்டர்?”

“எழுவத்தொண்ணு.”

“சரி. கைய அசைக்காதீங்க. அப்படியே மடியில வச்சுக்கோங்க. காறை எலும்பு போயிருக்கு. கீழ சாவடியில சொல்லி வண்டி அனுப்பச் சொல்றேன்.”

பன் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் இவள் மிதித்துவிட்டாள். மொத்தமே இருபது நொடி இருக்கும். செய்யக்கூடியது வேறொன்றும் இல்லை. கட்டுப் போடத் துணி இல்லை, தூக்கிப் போக வண்டி இல்லை, சாவடி மூன்று கிலோமீட்டர் கீழே. கணக்கு சரிதான். மூன்று கிலோமீட்டரும் அவள் வாழ்நாளில் மிதிக்காத வேகத்தில் மிதித்தாள். அந்த வேகம் பன்னுக்காகவா பந்தயத்துக்காகவா என்று கேட்டால் அவளால் பிரித்துச் சொல்ல முடிந்திருக்காது. சாவடியில் இறங்காமலே கத்தினாள்: “குவாரி எறக்கத்துல ஒருத்தர் விழுந்திருக்காங்க. எடது காறை எலும்பு. தலையில ஒண்ணும் இல்ல. வண்டி அனுப்புங்க.”

“நீங்க டாக்டரா?” என்று யாரோ கேட்டது பின்னால் தேய்ந்து போனது.

மூன்றாவதாகத்தான் வந்தாள். இந்தத் தடவை துணி விரித்தே இருந்தது. மரப்பெட்டி மேல் ஏற்றி, ஒரு சின்னக் கோப்பையைக் கையில் கொடுத்தார்கள். கணவர் கைபேசியில் ஏழெட்டுப் படம் எடுத்தார். பாதியில் அவர் விரல் பிளாஸ்திரியும் விழுந்திருந்தது. மகள்தான் கேட்டாள்: “என்னம்மா, மூணாவது வந்துட்டு மூஞ்சிய இப்படி வச்சிருக்கே?”

சாயங்காலம் கொல்லைக் குழாயடியில் வண்டியின் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தபோது கணவரிடம் மட்டும் சொன்னாள்.

“அவ விழுந்தப்ப எனக்கு மொதல்ல என்ன தோணிச்சு தெரியுமா?”

“மூணாவதுன்னு தோணியிருக்கும்.”

அவள் தேய்ப்பதை நிறுத்தினாள். “எப்படித் தெரியும்?”

“போன வருஷம் எதிர்த் தெரு கண்ணாடிக் கடைய மூடினாங்களே, எனக்கும் மொதல்ல சந்தோஷந்தான் வந்துச்சு. அந்த மனுஷனுக்குக் கல்யாண வயசுல ரெண்டு பொண்ணு இருக்கறது அப்புறந்தான் ஞாபகம் வந்துச்சு.” அவர் குழாயை மூடினார். “சங்கிலிக்கு எண்ணெ போட்டுடு. துரு ஏறிடும்.”

திங்கட்கிழமை காலை வெளியே பெஞ்சில் நாலாவது ஆளாகப் பன் உட்கார்ந்திருந்தாள். வழியிலிருந்த சின்ன மருத்துவமனையில் கையைக் கட்டித் தொங்கவிட்டு, படம் எடுத்துக்கொண்டு வரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். முறை வந்தது. உள்ளே வந்தவள் சுற்றிப் பார்த்தாள். பிறகு ஈய அங்கி மாட்டிக்கொண்டு நின்றவளைப் பார்த்தாள்.

“ஓ, அதான் தொடாமலே சொன்னீங்களா?”

“நேரா நில்லுங்க. தோள எறக்குங்க. முடிஞ்ச வரைக்கும் போதும்.”

படம் வந்தது. இரண்டே துண்டு, அதிகம் விலகவில்லை. தகடு தேவைப்படாது என்று டாக்டர் சொல்வார் என அவளுக்குத் தெரிந்தது. அதைச் சொல்வது அவள் வேலையில்லை, சொல்லவில்லை. கட்டைத் திரும்பப் போட உதவினாள். பன் திடீரென்று கேட்டாள்:

“எத்தனாவது வந்தீங்க?”

“மூணாவது.”

“நான் விழாம இருந்தா?”

“நாலாவது.”

பன் சிரிக்கப் போய், வலியில் முகத்தைச் சுளித்தாள். சிரிப்பு அத்தோடு போனது. “நீங்க நிக்காம போயிட்டீங்க.”

“நின்னேன். இருவது நொடி.”

“எனக்கு அது நின்ன மாதிரியே தெரியல.” குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். “நீங்க பண்ணினது சரிதான்னு வண்டியில வரும்போதே புரிஞ்சுது. வண்டி சீக்கிரமே வந்துச்சு. நானா இருந்தாலும் ஒருவேள அதையேதான் பண்ணியிருப்பேன். ஆனா எனக்குக் கோவம் இருக்கு. ரெண்டுமே இருக்கு.”

இருட்டறை அக்கா மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் பொய்யாகிவிடும் என்று தோன்றியது. “இருக்கட்டும்,” என்றாள். “ஆறு வாரம் எதையும் தூக்காதீங்க. மாவு பிசையவே கூடாது.” கதவைத் திறந்துவிட்டாள். அடுத்த ஆள், கணுக்கால், உள்ளே வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கால்வாய்க் கரை வழியாகப் போகாமல், சுற்றுப்பாதையில் பேக்கரிக்கு முன்னால் போனாள். உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்தவன் பன்னின் தம்பி. பன் ஒற்றைக் கையால் ரொட்டியைப் பைக்குள் தள்ளப் பார்க்க, பை வாயை மூடிக்கொண்டு அடம்பிடித்தது. இவள் வண்டியைச் சாய்த்துவிட்டு உள்ளே போய், பையின் வாயைப் பிரித்துப் பிடித்தாள். ஒரு ரொட்டி போனது, அடுத்ததற்கும் பிடித்தாள். வரிசையில் ஏழு பேர் நின்றார்கள். ஏழு பேரும் போகிறவரை பிடித்தாள். அதற்கடுத்த வாரமும் வந்தாள். இருவரும் பேசிக்கொண்டது என்று பார்த்தால் டயர், காற்று, சீட்டின் உயரம், அவ்வளவுதான். நாலாவது வாரத்தில் பன் வாயில் ‘அக்கா’ வந்தது, இவள் வாயில் ‘நீங்க’ போய் ‘நீ’ வந்தது. கோபம் எப்போது போனது என்றோ, போனதா என்றோ யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

பத்தாவது வாரம் பன்னே ஆரம்பித்தாள். “அக்கா, அந்த எறக்கத்துக்கு நான் மறுபடி போகணும். தனியா போக முடியல. பாதி வழியில திரும்பிடறேன்.”

“எத்தன தடவ திரும்பினே?”

“மூணு.”

செவ்வாய்க்கிழமை பேக்கரிக்கு விடுமுறை. இவளும் விடுப்புப் போட்டாள். உச்சியில் நின்று இருவரும் கீழே பார்த்தார்கள். ஒரு லாரி மூச்சிரைக்க ஏறி வந்து, புழுதியை இவர்கள் மேல் கொட்டிவிட்டுப் போனது.

“நீ முன்னால போறியா, நான் போகட்டா?”

“நீங்க போங்க. உங்க சக்கரத்தப் பாத்துட்டே வரேன்.”

முதல் தடவை பன் பாதியில் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தாள். இரண்டாவது தடவை மடங்கும் இடம் வரை வந்து காலை ஊன்றிவிட்டாள். மூன்றாவது தடவை இவள் கீழே போய் நின்று திரும்பிப் பார்த்தபோது, பன் உதட்டைக் கடித்துக்கொண்டு, கைப்பிடியைத் தளர்த்தி, உதிரிக்கல்மேல் வண்டியைப் போகவிட்டு வந்துகொண்டிருந்தாள். அழகான இறக்கம் என்று சொல்ல முடியாது. விழவில்லை.

“இன்னொரு தடவ?” என்றாள் இவள்.

“போதும்க்கா. பசிக்குது.”

அடுத்த வருடப் பந்தயத்தில் பெண்கள் பிரிவில் இருபத்தாறு பேர். முந்திய நாள் பெய்த மழையில் செம்மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு, ஆளைவிட வண்டி கனத்தது. இருட்டறை அக்காவுக்கு இரண்டு தடவை டயர் வெடித்தது. பட்ட காலிலே படும் என்று தனக்குத்தானே முனகிக்கொண்டு, மாற்றி மாட்டி ஒன்பதாவதாக வந்தாள். பன் நாலாவது. மூன்றாவது இடம் பதினொரு நொடியில் தவறியது. ஆலை வாசலில் சேறும் வியர்வையுமாக உட்கார்ந்து, கடைசி மேட்டில் பச்சைச் சட்டைக்காரி ஒருத்தி வழியே விடவில்லை என்று அரைமணி நேரம் திட்டித் தீர்த்தாள்.

“அந்தப் பொண்ணு பண்ணினது தப்பு இல்ல,” என்றாள் இவள்.

“தப்புன்னு நான் சொல்லவே இல்லையே. திட்டறேன், அவ்வளவுதான்.”

கணவர் இரண்டு வண்டிகளையும் தான் கண்ணாடி ஏற்றிப் போகும் சின்ன லாரியில் ஏற்றி, நடுவில் பழைய கம்பளியை மடித்து வைத்தார், ஒன்றோடொன்று இடிக்காமல் இருக்க. பன் சாயங்கால ரொட்டிக்கு அடுப்பு மூட்ட வேண்டும் என்று பரபரத்தாள். முன்சீட்டில் மூவருக்கும் இடம் போதவில்லை. இருட்டறை அக்கா பின்னால் ஏறி, சைக்கிள்களுக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். லாரி கிளம்பியது.